கோழி ஷெட்டில் எரு அள்ளும் நாள்: நுரையீரலைக் காக்கும் வேலை வரிசை

பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கிற மாதிரியான, பக்கங்கள் திறந்த கறிக்கோழி ஷெட். கோழியைப் பிடித்து ஏற்றியாகிவிட்டது. தரையில் ஒரு பேட்ச்சின் எருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்து கிடக்கிறது. அடுத்த குஞ்சு வருவதற்குள் அள்ளி, கழுவி, காயவைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது. முட்டைக்கோழி ஷெட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாட்டுச்சாணக் குழிக்குப் பொருந்தாது. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

“ஆளுக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டேனே, அப்புறம் என்ன?” என்று பண்ணைக்காரர்கள் கேட்பதுண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். மாஸ்க் தடுப்பது எழும்பிவிட்ட புழுதியை. புழுதியே எழும்பாமல் செய்வது வேலை வரிசைதான். வரிசை தப்பினால் எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும் மதியத்துக்குள் மூச்சு முட்டும், ஆள் கழற்றிவிடுவார்.

1. காற்றில் என்ன கலந்திருக்கிறது

உலர்ந்த எச்சம், இறகுத் துகள், தீவனத் தூள், நார்த்தூள், பூஞ்சை வித்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஷெட் புழுதி. கண்ணுக்குத் தெரிவதை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது, அது கண்ணுக்குத் தெரியாது.

அந்தத் துகளோடு செத்த பாக்டீரியாக்களின் மேலோட்டுத் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு போகும். எண்டோடாக்சின் என்பது இதுதான். கிருமி செத்திருந்தாலும் இது வேலை செய்யும். “மருந்து அடித்துவிட்டோம், இனி பயமில்லை” என்ற கணக்கு புழுதி விஷயத்தில் எடுபடாததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது ஆள் அம்மோனியா. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைப் பாக்டீரியா உடைக்கும்போது வருகிறது. ஈரமும் சூடும் காரத்தன்மையும் கூடக் கூட வாயுவும் கூடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு வேலைநாள் முழுவதற்குமான சராசரியாக 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு), 15 நிமிடத்துக்கு 35 பிபிஎம் என அம்மோனியாவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அளக்கக் கருவி இல்லையென்றால் மூக்கை நம்பாதீர்கள். அதுவும் உங்கள் மூக்கை நம்பவே நம்பாதீர்கள். தினமும் ஷெட்டில் நிற்பவரின் மூக்கு பழகிவிடும். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வருபவர் ஷெட் வாசலில் முகம் சுளித்தால் எனக்கு அதுதான் கணக்கு. வெளியாள் ஒருவரை உள்ளே ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். கண் எரிகிறது என்றால் அந்த வரம்பை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

2. முந்தின நாளே கையில் இருக்க வேண்டியவை

மாஸ்க்: என்95, அல்லது ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுடன் எஃப்எஃப்பி2. இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். என்95 என்பது மிக எளிதில் நழுவிப்போகும் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும். தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளதை வாங்குங்கள். காதில் மாட்டும் வகை ஷவல் பிடித்துக் குனிந்து நிமிரும் வேலைக்கு நிற்காது. வால்வு இருந்தால் நல்லது, உள்ளே சூடு குறையும். ஆளுக்கு ஒன்று போதாது, நாளுக்கு மூன்று வையுங்கள். வியர்வையில் நனைந்த மாஸ்க் வழியாக மூச்சு இழுக்கவே முடியாது.

என்95 அம்மோனியாவைத் துளியும் தடுக்காது. அது தூசு வடிகட்டி, அவ்வளவுதான். கண் எரியும் ஷெட் என்றால் ரப்பரில் செய்த அரைமுக மாஸ்க்கும், அதில் மாட்டும், அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும் குப்பியும் (கார்ட்ரிட்ஜ்), அதன்மேல் தூசு வடிகட்டியும் வேண்டும். அம்மோனியா குப்பிக்கு அமெரிக்க முறையிலும் ஐரோப்பிய முறையிலும் நிறம் பச்சைதான். கடைக்காரர் வேறு நிறம் கொடுத்து “எல்லாத்துக்கும் ஆகும்” என்றால் பெட்டியில் அம்மோனியா என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உறையைப் பிரித்த நாளிலிருந்தே குப்பியின் ஆயுள் குறையத் தொடங்கும், வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.

மூடிய வகைக் கண்ணாடி, முழுக்கை சட்டை, கையுறை, பூட்ஸ். தண்ணீருக்கு ஒரு தெளிப்பான். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கும் அதே தெளிப்பானைக் கொண்டுவராதீர்கள். எவ்வளவு கழுவினாலும் குழாயில் மிச்சம் இருக்கும். நுரையீரலைக் காக்கப்போய் பூச்சிமருந்துப் பனியை மூச்சில் ஏற்றுவதாக ஆகிவிடும்.

ஒரு பாக்கெட் ரேஸர். ஏன் என்று 5-ஆம் பகுதியில்.

3. யார் உள்ளே போகக் கூடாது

வீசிங் உள்ளவர், முன்பு காசநோய் வந்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர், போன தடவை எரு அள்ளிவிட்டுக் காய்ச்சலில் படுத்தவர், கர்ப்பிணி, பிள்ளைகள். இவர்களுக்கு ஷெட்டுக்கு உள்ளே வேலை கிடையாது.

இதைக் கேட்கிற முறையில்தான் சூட்சுமம். “உனக்கு ஏதாவது நோய் இருக்கா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள், கூலி போய்விடும். கூலி குறையாது, வேலை மட்டும் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். மூட்டை எண்ணுவது, டிராக்டர் ஓட்டுவது, குழாய் இழுப்பது என்று வெளிவேலை எப்போதும் இருக்கும். ஒடிசா, பீகார் தம்பிகளுக்குத் தமிழ் புரியாமல் போகலாம், வெறும் வார்த்தையால் கேட்காமல் நெஞ்சில் கைவைத்து, இருமிக் காட்டிக் கேளுங்கள். புரிந்துகொள்வார்கள்.

4. திறந்துவிட்டு, காற்றைப் பாருங்கள்

காலையில் முதல் வேலை, ஷெட்டின் பக்கங்களை மூடியிருக்கும் படுதாவை இரண்டு பக்கமும் முழுக்க இறக்கித் திறந்துவிடுவது. மின்விசிறி இருந்தால் போடுங்கள். அரைமணி நேரம் யாரும் உள்ளே போக வேண்டாம். இரவெல்லாம் தேங்கிய அம்மோனியா வெளியேறட்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பக்கத்து வீட்டுக்காரர் வாசம் என்று சண்டைக்கு வருவார் என்பதால் அந்தப் பக்கப் படுதாவை ஏற்றியே வைத்திருப்பது. ஒரு பக்கம் மூடினால் காற்று குறுக்கே போகாது, சுழன்று ஆள் முகத்துக்கே வரும். அக்கம்பக்கத்தில் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு பிடி நார்த்தூளை வாசலில் உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் ஷெட்டுகள் வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஷெட்டின் நீளத்துக்கே ஊதும். அந்த மாதங்களில் மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். அள்ளிய வெறுந்தரையில், காற்று முதுகில் படும்படி நின்றால், கிளம்பும் புழுதி உங்களுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். கிழக்கிலிருந்து தொடங்கியவர் சாயங்காலம் வரை எல்லாப் புழுதியையும் முகத்தில் வாங்குவார். வேலையும் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான்.

டிராக்டர் டிரெய்லரை மேற்கு வாசலுக்கு நேரே நிறுத்தாதீர்கள். எரு கொட்டும்போது எழும் புழுதி மறுபடி ஷெட்டுக்குள்ளேயே வரும். வாசலிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் நிறுத்துங்கள். பத்தடி கூடுதலாக நடக்க வேண்டும், நடக்கட்டும்.

5. மாஸ்க்கை இப்போதே போடுங்கள், சரிபாருங்கள்

அள்ளத் தொடங்கும்போது போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒட்டடை அடிப்பதும் தீவனத் தட்டுகளைக் கழற்றுவதும் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. ஷெட்டில் எதையாவது அசைப்பதற்கு முன் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும்.

மேல்பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டும் குறுக்கே போகக் கூடாது. கீழ்ப்பட்டை உறுத்துகிறது என்று தாடைக்கடியில் தொங்கவிட்டிருப்பவரைப் பார்த்தால் அவர் மாஸ்க் போடவில்லை என்றே கணக்கு வையுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி, இரு ஓரத்திலும் இடைவெளி விழும்.

பிறகு சோதனை. வால்வு இல்லாத மாஸ்க் என்றால் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு பலமாக ஊதுங்கள். வால்வு உள்ளது என்றால் வெடுக்கென்று உள்ளிழுங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். ஓரத்தில் எங்காவது காற்று வந்தால் மறுபடி சரி செய்யுங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் மூக்குப் பக்கம் ஓட்டை என்று அர்த்தம்.

ரேஸர் இதற்குத்தான். மாஸ்க்கின் விளிம்பு தோலில் உட்கார வேண்டும், முடியில் உட்காரக் கூடாது. இரண்டு நாள் தாடி போதும் புழுதி உள்ளே போக. மீசை விளிம்புக்கு உள்ளேயே அடங்கினால் பரவாயில்லை. கார்த்திகை மாதம் மாலை போட்டிருப்பவர் மழிக்க மாட்டார், அவரை வற்புறுத்தவும் கூடாது. டிராக்டரை அவரிடம் கொடுங்கள்.

தோளில் கிடக்கும் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டுவதுதான் இங்கே காலங்காலமான பழக்கம். பெரிய தூசியை அது பிடிக்கும். சாயங்காலம் துண்டு கறுத்திருப்பதைக் காட்டி “எவ்வளவு தடுத்திருக்கு பாருங்க” என்பார்கள். நுண்ணிய துகளுக்கு நூல் இடைவெளி கோயில் வாசல் மாதிரி. மருத்துவமனை மாஸ்க்கும் இதே கதைதான், ஓரங்களில் மூடுவதே இல்லை.

வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் விஷயம் வேறு. துப்புவதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எருக் கையாலேயே மாஸ்க்கை இறக்குவார்கள். சொல்லித் திருந்தாது. வேலையை 40 நிமிடம், இடைவேளை 15 நிமிடம் என்று பிரித்துவிடுங்கள். வாயில் இருப்பதை வெளியே முடித்துவிட்டு வரட்டும்.

6. மேலிருந்து கீழே

ஒட்டடை, கூரைக் கம்பி, விளக்கு, தொங்கும் குழாய், வலை. இவற்றை எரு தரையில் இருக்கும்போதே சுத்தம் செய்ய வேண்டும். விழும் தூசியை எரு வாங்கிக்கொள்ளும், எருவோடு சேர்ந்து போய்விடும். எரு அள்ளிய பிறகு ஒட்டடை அடித்தால் ஒரே தூசியை இரண்டு முறை சுவாசிக்கிறோம்.

அடிக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கூரைக் கம்பிகளில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீளக் கழியில் ஈரத்துணி சுற்றித் துடைத்தெடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். தலைக்கு நேர்மேலே வேலை செய்யாமல், கழியை முன்னால் நீட்டி வேலை செய்யுங்கள்.

படுதாவை உதறக் கூடாது. அது கழுவும் நேரத்துக்குக் காத்திருக்கட்டும்.

7. நனைப்பது: எப்போது, எவ்வளவு

இந்த ஒரு இடத்தில் நிதானித்தால் போதும், பாதிப் புழுதி குறையும். ஆனால் அதிகம் தப்பு நடப்பதும் இங்கேதான்.

ஒரு வகையினர் நனைப்பதே இல்லை. எரு வாங்க வருபவர் “ஈரமிருந்தால் எடை ஏமாற்று” என்பார் என்ற பயம். எடைக்குப் பதில் லோடு கணக்கில் பேசிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு வகையினர் முந்தின நாள் மாலையே குழாயைத் திறந்து விட்டுவிடுவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். விடிந்து வந்து பார்த்தால் புழுதி இல்லை, கண் திறக்க முடியாத அம்மோனியா இருக்கும். எரு கனமாகி முதுகும் போகும்.

சரியான நேரம், அள்ளுவதற்குச் சற்று முன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அள்ளப்போகும் நீளத்துக்கு மட்டும், பனி மாதிரி மெல்லியதாகத் தெளியுங்கள். பீய்ச்சி அடிக்காதீர்கள், நீரின் வேகமே புழுதியைக் கிளப்பும். பத்து நிமிடம் ஊறவிட்டு, ஷவலால் ஒரு புரட்டுப் புரட்டி, அடியில் இருக்கும் உலர்ந்த பகுதியில் மறுபடி ஒரு தெளிப்பு. மேற்பரப்பு மட்டும் நனைந்தால் போதாது. முதல் ஷவலில் அடியிலிருந்து மாவு மாதிரிக் கிளம்பும்.

கைப்பிடி சோதனை செய்யுங்கள். கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். லேசாக ஒட்டி, விரலைத் திறந்ததும் உடைந்து உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். விரலிடுக்கில் தூளாக வழிந்தால் இன்னும் ஒரு தெளிப்பு வேண்டும்.

கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் வரிசைக்கு நேர் கீழே எரு கட்டிப்பட்டு அப்பளம் மாதிரி ஓடு கட்டியிருக்கும். அங்கே தண்ணீர் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே ஈரம். அந்த ஓட்டை உடைத்ததும் அடைபட்டிருந்த அம்மோனியா குபீரென்று வரும். குனிந்து உடைக்காமல், நீளக் காம்புள்ள மண்வெட்டியால் நின்றபடி உடைத்து, இரண்டு எட்டுப் பின்வாங்கி ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் அள்ளலாம்.

8. அள்ளுவதும் ஏற்றுவதும்

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பத்து, பத்தரைக்குள் பெரும்பகுதியை முடிக்கப் பாருங்கள். வெயில் ஏறினால் எரு உலரும், அம்மோனியா கூடும், மாஸ்க்குக்குள் வியர்க்கும். இந்த மூன்றும் சேரும் நேரத்தில்தான் மாஸ்க் கழுத்துக்கு இறங்குகிறது.

பெருக்காதீர்கள், வழியுங்கள். அகலமான ஷவலைத் தரையோடு தள்ளிக்கொண்டு போனால் புழுதி குறைவு. இரும்புச்சட்டியில் அள்ளித் தலையில் தூக்கினால் கொட்டும்போது முகத்துக்கு நேரே புழுதி. தள்ளுவண்டி அதைவிட எவ்வளவோ மேல். டிரெய்லரில் கொட்டும்போது உயரத்திலிருந்து வீசாமல் தாழ்வாகச் சரித்துக் கொட்டுங்கள். டிரெய்லருக்குள் நின்று மிதித்துப் பரப்புபவர் இருக்கிறாரே, இருப்பதிலேயே மோசமான இடம் அவருடையது. சுற்றிலும் புழுதி, நாலு பக்கமும் அடைப்பு. அவரை அரைமணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். புதிதாக வந்த பையனை அங்கே ஏற்றி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

இலை ஊதும் ப்ளோயரால் மூலைகளை ஊதுவது இப்போது பரவி வருகிறது. நேரம் மிச்சம்தான். ஒரு நாள் முழுக்க நனைத்துப் பிடித்த புழுதியை ஐந்து நிமிடத்தில் காற்றில் ஏற்றிவிடும்.

குடிதண்ணீர்க் குடத்தை ஷெட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் குடிக்க உள்ளேயே மாஸ்க்கைக் கழற்றுவார்கள்.

9. கழுவும்போது மாஸ்க் போகக் கூடாது

எரு போய்விட்டது, தரை ஈரம், புழுதி தெரியவில்லை. எல்லோரும் மாஸ்க்கை எறிந்துவிடுவது இந்த இடத்தில்தான். பிரஷர் வாஷர் தரையில் ஒட்டியிருக்கும் எச்சத்தை உடைத்து நீர்த்திவலையாகக் காற்றில் தூவும். முதல் பகுதியில் சொன்ன எண்டோடாக்சின் அந்தத் திவலையில் இருக்கிறது.

முதலில் சாதாரணக் குழாயில், சோப்புத் தண்ணீரோடு, நன்றாக ஊறவைத்துத் தேய்த்துவிடுங்கள். ஊறியபின் வாஷரின் வேகம் குறைவாகவே போதும். காற்று முதுகில் இருக்கட்டும். மாஸ்க் நனைந்ததும் மாற்றுங்கள்.

10. சுண்ணாம்பு, பிளீச்சிங், ஃபார்மலின்

சுண்ணாம்பு காரம். எச்சம் மிச்சமிருக்கும் தரையில் தூவினால் அதில் இருக்கும் அம்மோனியாவை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். எனவே முழுக்கக் கழுவிய தரைக்கு மட்டும்தான். தூளாக வீசாமல் கரைத்துப் பூசுங்கள். தூள் மூக்குக்கும் கண்ணுக்கும் நேரடியாகவே ஆகாது.

பிளீச்சிங் பவுடரும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோராமின் வாயு. பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டுமே நுரையீரலை எரிப்பவை. ஒரே வாளியில் கலக்க மாட்டோம் என்பீர்கள். ஆசிட் ஊற்றிக் கழுவிய மூலையில், அலசாமல் பிளீச்சிங் தூவினால் அதுவும் கலவைதான்.

ஃபார்மலினில் பொட்டாசியம் பர்மாங்கனேட் சேர்த்துப் புகைமூட்டுவது பற்றி என் கருத்து: பக்கம் திறந்த ஷெட்டில் அது வீண். அடைத்து வைக்க முடியாத இடத்தில் வாயு நிற்காது, ஊற்றுபவரின் மூச்சுக்குத்தான் போகும். ஃபார்மலினிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. என்95 அதை நிறுத்தாது. அடைத்த அறையில் செய்தே ஆக வேண்டும் என்றால், ஃபார்மால்டிஹைடுக்கான குப்பியோடு முழுமுக மாஸ்க், பர்மாங்கனேட்டின் மேல் ஃபார்மலினை ஊற்றுவது, தலைகீழாக ஒருபோதும் செய்யாதது, ஊற்றியதும் வெளியேறும் வழி பின்னால் திறந்திருப்பது. இவ்வளவும் இருந்தால்தான்.

கிருமியைக் கருக்கத் தரையில் தீப்பிழம்பு அடிப்பதாக இருந்தால் இறகை முழுக்க அள்ளிய பிறகு அடியுங்கள். இறகு கருகும் புகைக்குத் தூசு மாஸ்க் ஈடுகொடுக்காது.

11. கழற்றும் வரிசை

வெளியே, காற்று வரும் பக்கம் வந்து, பூட்ஸையும் கையுறையையும் கழுவுங்கள். கையுறை, சட்டை, கண்ணாடி, கடைசியாக மாஸ்க். மாஸ்க்கை முதலில் கழற்றிவிட்டுச் சட்டையைக் கழற்றினால், சட்டைப் புழுதி மொத்தமும் மூக்கில்.

மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் பின்பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள். சட்டையை உதறாமல் நேராக சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். அதே சட்டையோடு பைக்கில் போய், வாசலில் ஓடிவரும் குழந்தையைத் தூக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஷெட் பக்கத்திலேயே ஒரு குளியல் மறைப்பும் மாற்றுத் துணிக்கு ஒரு ஆணியும் போதும்.

12. அன்றிரவு

சில வருடம் முன்பு எங்கள் ஷெட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் முதல் தடவையாக எரு அள்ளினான். துண்டுதான் கட்டியிருந்தான், நானும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் நன்றாகத்தான் சாப்பிட்டான். இரவு எட்டு மணிக்குக் குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் வலி, நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல். பக்கத்துக் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டான். அடுத்த பேட்ச் எரு அள்ளிய அன்று இரவும் அதே எட்டு மணி, அதே நடுக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிறைய உயிர்ப்புழுதியை ஒரே நாளில் சுவாசித்தால், நாலு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இப்படி வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கும். ஆனால் பூஞ்சைக்கும் பறவைப் புரதத்துக்கும் நுரையீரல் ஒவ்வாமை கொள்ளும் நோயும் இதே முகத்தோடுதான் வரும். அது திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்குக் கொண்டுபோகும். முதல் தடவையிலேயே இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதல்ல. ஆகவே அவரிடம் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இன்று காலை கோழி எரு அள்ளினேன், இத்தனை மணிக்கு ஆரம்பித்தது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையின் பாதையையே மாற்றும்.

மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்வது, மூன்று நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஷெட்டில் ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, யார் உள்ளே வேலை செய்தார், அன்றிரவு எப்படி இருந்தார். இரண்டாவது தடவை ஒரே பெயர் வந்தால் அவருக்கு இனி வெளிவேலைதான், நெஞ்சு மருத்துவரிடம் மூச்சுத்திறன் சோதனையும் வேண்டும். அந்தப் பையன் இப்போது எங்கள் தீவன வண்டியை ஓட்டுகிறான்.

13. இந்த வரிசை செல்லாத இடங்கள்

கோழி கும்பலாக, காரணம் தெரியாமல் செத்திருந்தால் சுத்தம் செய்யவே தொடங்காதீர்கள். கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சல் இல்லை என்று அவர்கள் சொல்லும்வரை ஷெட்டுக்குள் யாரும் போக வேண்டாம்.

மாட்டுப்பண்ணையில் தேங்கிய சாணக் குழி, சாண எரிவாயுத் தொட்டி. அங்கே ஆபத்து புழுதி அல்ல, ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாசம் வரும். 100 பிபிஎம் வாக்கில் மூக்கே மரத்துப்போகும், வாசம் நின்றுவிட்டது என்று ஆள் இறங்குவார். அதற்கும் மேல் போனால் சில மூச்சிலேயே சுருண்டு விழுவார். சாணத்தைக் கிளறும் நேரத்தில்தான் வாயு மொத்தமாக வெளிவரும். என்95, பச்சைக் குப்பி எதுவும் அங்கே காப்பாற்றாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் கருவியும் அதில் பயிற்சியும் இல்லாத யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அண்ணனோ தம்பியோ பின்னால் குதிப்பதைப் பிடித்து நிறுத்துங்கள். 112-க்கோ 108-க்கோ அழைத்து, குழிக்குள் வாயு இருக்கிறது, தீயணைப்பு வண்டியும் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.